தாகம் எடுக்காதவன்

சஜ்ஜாவில், சிமெண்ட் ஆலைக்குப் பின்புறம்
எங்கள் முகாமின் மொட்டைமாடியில்
வியாழன் ராத்திரி நான் கதை சொல்வேன்.
கூலி ஒரு டீ, சில வாரம் பாதி சிகரெட்.
ஒரே கதையைத்தான் கேட்டார்கள், ஒவ்வொரு வாரமும்:

ஆடுகளுக்கு ஒரு கிணறு.
காவலுக்கு நரி வந்தது, விரட்டின.
கிடா வந்தது, கொம்பைப் பார்த்து யோசித்தன.
'தாகம் எடுக்காதவனிடம் கொடுப்போம்'
என்று எதுவோ கத்த,
ஒட்டகத்தைக் கும்பிட்டுக் கூட்டி வந்தன.
பத்து நாள் அது கிணற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.
பதினோராம் நாள், தண்ணீர் கெட்டுவிட்டதோ என்று
(இங்கே நான் நாக்கை நீட்டுவேன்)
நுனியால் மட்டும் தொட்டுப் பார்த்தது,
ஆடுகளின் நன்மைக்காக.
நாற்பதாம் நாள்
தூர் தெரிந்த கிணற்றைக் காட்டிக் கேட்டது:
'இவ்வளவையுமா குடித்தீர்கள்? வெட்கமாயில்லை?'

இந்த இடத்தில் மாடியே குலுங்கும்.
எல்லாருக்கும் மேலே கேட்கும் இருளப்பன் சிரிப்பு.
கமுதிக்காரன், கம்பி கட்டுகிறவன்.
தண்ணீர்த் தொட்டியைத் தட்டித் தட்டிச் சொல்வான்:
'அண்ணே, அந்த நாக்கை இன்னொரு தரம்.'

அந்த ஆகஸ்டில் கூலர் செத்தது.
மூன்று நாள்.
நான்காம் நாள் காலை பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று
ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தான் இருளப்பன்.
பின்னால் நாங்கள், நேபாளிகள், சொபுஜ், சொபுஜின் அறைக்காரர்கள்.
தன் பாட்டிலை சொபுஜுக்குக் கொடுத்துவிட்டு
வெயிலில் கண்ணை மூடியிருந்தான்.

புதுக் கூலர் வந்தது, பூட்டோடு.
சாவி யாரிடம் என்றார் முதீர்.
ஐந்து பாஷையில் ஒரே பெயரைச் சொன்னோம்.
அவன் இரண்டு தரம் வேண்டாம் என்றான்.
அதை நான் பார்த்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

தாயத்துக் கயிற்றில் தொங்கியது சாவி, முதலில்.
அப்புறம் அதற்கென்று ஒரு சங்கிலி.
அப்புறம் நேரம், அறை எண், வரிசை.
எதிர்த்துப் பேசிய அறை கடைசி வரிசை.
பதிவேடு வைக்க அவனுக்குத் தனி அறை.
பதிவேட்டை அங்கே யாரும் பார்த்ததில்லை.

மறு கோடையில் சாரத்திலிருந்து இறங்கி
சொபுஜ் அப்படியே மடிந்து விழுந்தான்.
தூக்கிக்கொண்டு ஓடியது இருளப்பன்தான். பொய் சொல்ல மாட்டேன்.
ராத்திரி கூப்பிட்டு எழுதச் சொன்னதும் அவன்தான்:
'முகாமில் தண்ணீர் இருந்தது.
தொழிலாளி குடிக்க மறந்துவிட்டார்.'
எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும்.
கையெழுத்தும் குண்டு குண்டாக இருக்கும்.

அந்த வியாழன் அவனுக்கு நாற்காலி போட்டார்கள்.
நாக்கு வரும் இடம் வந்தது.
முப்பது முகமும் அவனைப் பார்த்தன.
சிரிக்கவில்லை. அவனும்.
'அந்த ஒட்டகம் யாருண்ணே?'
'ஒட்டகம்தாம்பா.'
'ம். ஆடும் கொஞ்சம் கூடத்தான் குடிச்சிருக்கும்.'

அடுத்த வாரம் ஆடுகள் கொஞ்சம் கூடக் குடித்தன.
அதற்கடுத்த வாரம் நரி ராத்திரியில் வந்து போனது.
ரம்ஜானுக்குள்
ஒட்டகம் காலியான கிணற்றைப் பார்த்து
அழத் தொடங்கிவிட்டது.
கைதட்டுகிறார்கள்.
எனக்குக் கீழ்க்கட்டில் கிடைத்திருக்கிறது,
ஏசிக்கு நேர் எதிரே.

சொபுஜுக்குத் தமிழ் தெரியாது.
எத்தனையோ வியாழன் என் கையையும் வாயையும் பார்த்தே சிரித்தவன்.
நேற்று விளக்கு அணைத்தபின்
கட்டிலோரம் குந்தி உட்கார்ந்தான்.
நாக்கை நீட்டினான், நுனியை மட்டும்.
பிறகு இரண்டு கையையும் விரித்தான்:
அது எங்கே போச்சு?

செல்போன் வெளிச்சத்தில் தெரிந்தது,
அவன் நாக்கு வெடித்திருந்தது.

என் தலைமாட்டில் இரண்டு பாட்டில் இருந்தன.
இரண்டும் நிறைய.